மாங்கூழ்த் தொழிற்சாலைக் கழிவும் இளம் பன்றிக் குட்டிகளின் தீனியும்

வைகாசி மாதம் பிற்பகுதி முதல் ஆடி மாதம் வரையில் கிருஷ்ணகிரி ஜில்லாவின் மாங்கூழ்த் தொழிற்சாலைகளுக்கு இரவு பகலாக மாம்பழ லாரிகள் வந்த வண்ணம் இருக்கும். பெங்களூரா என்றும், தோத்தாபுரி என்றும், கிளிமூக்கு என்றும் பலவாறாக வழங்கும் மாம்பழமே இத்தொழிலுக்குப் பெரிதும் பயன்படுவது. பழத்தின் சதை கூழாகி டப்பாக்களிலும் பைகளிலும் அடைக்கப்பட்டு அயல் நாடுகளுக்குச் செல்கின்றது. தோலும் கொட்டையும் மட்டும் தொழிற்சாலை வாயிலில் மலைபோற் குவிகின்றன. இவ்விரண்டும் சேர்ந்து, பழத்தின் நிறையில் நூற்றுக்கு 35 முதல் 50 பங்கு வரை இருக்கும். அண்டையிலுள்ள சித்தூர்ப் பகுதியிலும் இதே நிலைமைதான்.

இக்குவியலைக் காணும் பன்றி வளர்ப்போர் பலருக்கு, தீவனச் செலவு தீர்ந்தது என்ற எண்ணம் தோன்றுவது இயல்பே. பன்றி வளர்ப்பில் ஆகும் மொத்தச் செலவில் பெரும்பகுதி தீவனத்திற்கே ஆகின்றது. ஆகவே மலிவாகவோ இலவசமாகவோ கிடைக்கும் ஒரு தீனியை அலட்சியம் செய்வது அறிவுடைமையாகாது. ஆயினும், "பன்றி எதைப் போட்டாலும் தின்னும்" என்று வழங்கும் பேச்சை நம்பி, பால் மறந்த குட்டிகளுக்கு வண்டி வண்டியாக மாந்தோலைக் கொட்டுவோர், இரண்டு மாதங்களுக்குள் பெருநஷ்டம் அடைய நேரிடும். பன்றி தின்னும் என்பது உண்மை. தின்றதெல்லாம் வளர்ச்சியாகும் என்பது உண்மையன்று. மாந்தோல் தானியத்தின் இடத்தில் ஒரு பகுதியைப் பிடிக்கலாம். பிண்ணாக்கின் இடத்தையும் மீன் தூளின் இடத்தையும் ஒருபோதும் பிடிக்க இயலாது. இவ்வொன்றை மனத்திற் கொண்டால் இக்கழிவு செல்வமாகும். மறந்தால் ஓர் ஈற்றுக் குட்டிகள் முழுவதையும் கெடுத்துவிடும்.

கழிவில் உள்ள சத்து

புதிய மாந்தோலில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரே. எஞ்சிய உலர்ந்த பொருளில் பெரும்பகுதி சர்க்கரையும் நார்ப்பொருளுமாகும். புரதச் சத்தோ, அவ்வுலர்ந்த பொருளில் நூற்றுக்கு 4 அல்லது 5 பங்குதான். மக்காச்சோளத்தில் ஏறக்குறைய 9 பங்கும், நல்ல கடலைப் பிண்ணாக்கில் 40 பங்கும் புரதம் இருப்பதை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

10 கிலோ எடையுள்ள குட்டி ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கிராம் உலர் தீவனம் உண்ணும். அதன் உடல் வளர்ச்சிக்கு நாள்தோறும் 90 முதல் 100 கிராம் வரையில் புரதம் தேவை. ஒரு கிலோ புதிய தோலில் உலர்ந்த பொருள் 200 கிராம்; அதிலுள்ள புரதமோ 10 கிராமுக்கு மேற்படாது. தோலைக் கொண்டே இக்குட்டிக்கு வேண்டிய புரதத்தைக் கொடுக்கவேண்டுமாயின், தன் எடைக்குச் சமமான 10 கிலோ தோலை அது ஒவ்வொரு நாளும் தின்றாக வேண்டும். அத்தனை பெரிய வயிறு எந்தக் குட்டிக்கும் இல்லை.

தோலையே பிரதானமாகத் தின்னும் குட்டியின் வயிறு பானைபோல் உப்பியிருக்கும். பார்ப்பவர்கள், "நன்றாய்த் தின்று வளர்கிறது" என்று மகிழ்வார்கள். ஆனால் அதன் முதுகெலும்பைக் கையால் தடவினால் சதைப்பிடிப்பு இராது, மயிர் சொரசொரத்துப் பளபளப்பின்றி நிற்கும், தொடை மெலிந்திருக்கும். இவ்விதம் இளமையிலேயே வளர்ச்சி தேங்கிப்போன குட்டிக்குப் பிற்பாடு எவ்வளவு நல்ல தீவனம் கொடுத்தாலும், உடன்பிறந்த நல்ல குட்டி விற்பனைக்கு வரும் காலத்தில் இது வருவதில்லை. தோலில் மிச்சப்பட்டதாக எண்ணிய பணம், பின்னர் இரட்டிப்பாகச் செலவாகிவிடும்.

இளங் குட்டியின் வயிறு

பிறந்த குட்டியின் வயிறு தாய்ப்பாலுக்கென்றே அமைந்தது. பாலிலுள்ள சர்க்கரையை அது எளிதில் ஜீரணிக்கும். பழத்திலும் கரும்பிலும் உள்ள சர்க்கரையை ஜீரணிக்கும் சக்தி பிறந்த முதல் வாரத்தில் மிகவும் குறைவு; மாவுச்சத்தை ஜீரணிக்கும் சக்தியும் நாளடைவிலேதான் உண்டாகின்றது. பழுத்த மாம்பழத்தின் இனிப்பில் பெரும்பகுதி கரும்புச் சர்க்கரையே. ஆதலால் பால் குடிக்கும் சிறு குட்டிகள் தாயின் தொட்டியிலுள்ள மாந்தோலைத் தின்னும்படி விடலாகாது. விட்டால் கழிச்சல் காணும். கழிச்சல் கண்ட சிறு குட்டி உடலின் நீரை விரைவில் இழந்து மாண்டுபோகும். தாய்ப்பன்றிக்குத் தோல் கொடுப்பவர்கள், குட்டிகள் எட்டாத உயரத்தில் தொட்டியை அமைத்தல் வேண்டும்.

குட்டிகள் பிறந்து இரண்டு வாரம் ஆனதும், தாய் நுழைய முடியாதபடி தடுக்கப்பட்ட ஒரு மூலையில், நூற்றுக்கு 20 பங்குக்குக் குறையாத புரதமுள்ள குட்டித் தீவனத்தைச் சிறுகச் சிறுக வைத்துப் பழக்க வேண்டும். இத்தீவனத்தில் மாங்கழிவு எதுவும் சேர்க்க வேண்டுவதில்லை. இங்குப் பெரும்பாலும் 8 வாரத்தில் பால் மறக்கச் செய்கிறார்கள். அப்பொழுது வெள்ளை யார்க்‌ஷைர் இனக் குட்டியும் அதன் கலப்பினக் குட்டியும் ஏறக்குறைய 10 முதல் 12 கிலோ எடை இருக்கும். தாயைப் பிரிந்த துயரமும், புதிய கொட்டிலும், புதிய தீவனமும் ஒரே நாளில் சேர்ந்தால் குட்டி நிலைகுலையும். ஆகவே பால் மறந்த முதல் 10 நாட்களுக்குப் பழகிய தீவனத்தையே தொடர்ந்து கொடுத்துவர வேண்டும்.

எப்பொழுது, எவ்வளவு

பதினோராம் நாள் முதல் தோலைச் சேர்க்கத் தொடங்கலாம். பின்வரும் அளவுகளை மேல் எல்லையாகக் கொள்க.

12 கிலோ எடையில், நாளொன்றுக்கு 600 கிராம் தீவனம் உண்ணும் குட்டிக்கு, அதில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 30 கிராம் உலர்ந்த தோல் போதும். இது ஏறக்குறைய 135 கிராம் புதிய தோலுக்குச் சமம்.

20 கிலோ எடையில், ஒரு கிலோ தீவனம் உண்ணும் குட்டிக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 கிராம் உலர்ந்த தோல் கொடுக்கலாம். இது 450 கிராம் புதிய தோலுக்குச் சமம்.

50 கிலோ எடையை எட்டி, 2 கிலோ தீவனம் உண்ணும் பன்றிக்கு ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 400 கிராம் உலர்ந்த தோல், அல்லது 1 கிலோ 800 கிராம் புதிய தோல் வரை கொடுக்கலாம்.

ஒவ்வொரு படியிலும் அளவை ஒரே நாளில் கூட்டாமல், ஒரு வாரத்தில் சிறுகச் சிறுகக் கூட்டவேண்டும். சாணம் இளகினால் அன்றே தோலை நிறுத்தி, கெட்டிப்பட்ட பின்னர் பாதி அளவில் மீண்டும் தொடங்குக. புதிய தோலைக் கத்தியால் சிறு துண்டுகளாக நறுக்கி, மற்றத் தீவனத்துடன் கலந்தே வைக்க வேண்டும். தனியாக வைத்தால், பலமுள்ள குட்டிகள் இனிப்பை நாடித் தோலையே தின்று, பிண்ணாக்குக் கலந்த மாவை விட்டுவிடும். தொட்டியில் மிகுந்ததை மாலையில் அகற்றிக் கழுவிவிட வேண்டும். சுத்தமான குடிநீர் எப்பொழுதும் இருத்தல் அவசியம்.

தீவனக் கலவை

15 முதல் 30 கிலோ வரை எடையுள்ள வளரும் குட்டிகளுக்குத் தோல் சேராத சாதாரணக் கலவை ஒன்று வருமாறு: மக்காச்சோளம் 60 பங்கு, கடலைப் பிண்ணாக்கு 18 பங்கு, மீன் தூள் 8 பங்கு, கோதுமைத் தவிடு 12 பங்கு, தாது உப்புக் கலவையும் உப்பும் சேர்ந்து 2 பங்கு. இதில் ஏறக்குறைய 18 பங்கு புரதம் உண்டு.

இதில் உலர்ந்த மாந்தோல் 10 பங்கு சேர்க்க விரும்புவோர் மக்காச்சோளத்தில் 10 பங்கைக் குறைத்துவிட்டால் புரதம் குறைந்துபோகும். ஆகவே மக்காச்சோளத்தை 47 பங்காகக் குறைத்து, பிண்ணாக்கை 20 பங்காகவும் மீன் தூளை 9 பங்காகவும் உயர்த்த வேண்டும். தவிடும் தாது உப்பும் முன்போலவே. இவ்வாறு செய்தால் கலவையின் புரதம் 18 பங்குக்குக் குறையாது. தோல் 10 பங்கு வந்தால் சோளம் 13 பங்கு போகும். பிண்ணாக்கு 2 பங்கும் மீன் 1 பங்கும் கூடும் என்பதே நினைவிற் கொள்ளவேண்டிய கணக்கு.

பிண்ணாக்கு மட்டும் இருந்தால் போதாதா, மீன் தூள் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கடலைப் பிண்ணாக்கின் புரதத்தில், இளங் குட்டியின் சதை வளர்ச்சிக்கு இன்றியமையாத லைசின் என்னும் பொருள் குறைவு. மீன் தூளும் சோயாப் பிண்ணாக்கும் அக்குறையை நிரப்புகின்றன. மீன் தூளுக்குப் பதில் உப்பிட்ட கருவாட்டுத் தூள் சேர்ப்பவர்கள் தனியாக உப்புச் சேர்க்கலாகாது. பூஞ்சணம் பூத்த பிண்ணாக்கில் அஃப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சு உண்டாகிக் குட்டிகளின் ஈரலைக் கெடுக்கும். ஆகையால் முடைநாற்றமுள்ள பிண்ணாக்கை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கலாகாது.

சேமிக்கும் முறை

மாங்கழிவு ஏறக்குறைய மூன்று மாதமே கிடைக்கும். வெயிலில் குவிந்த தோல் ஒரே நாளில் புளித்து, ஈ மொய்த்து, மறுநாள் பூஞ்சணம் பூக்கும். ஆகவே தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றே அதைப் பக்குவம் செய்துவிட வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது, உலர்த்துதல். தோலை நறுக்கிச் சிமெண்டுத் தளத்தில் ஓர் அங்குலத்துக்கு மேற்படாமல் பரப்பி, நாளைக்கு மூன்று நான்கு தடவை கிளறிவிட வேண்டும். நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாளில், கையால் ஒடித்தால் ஒடியும் பதத்திற்கு வரும். 45 கிலோ புதிய தோலுக்கு 10 கிலோ உலர்ந்த தோல் கிடைக்கும். பின்னர் இடித்துச் சாக்கில் கட்டி, தரையில் படாமல் பலகைமேல் அடுக்கி வைக்கலாம். ஆனி, ஆடி மாதங்களில் மேகமூட்டம் அடிக்கடி உண்டாவதால் இவ்வழியை மட்டும் நம்பியிருத்தல் கூடாது.

இரண்டாவது, சைலேஜ் எனப்படும் பதனத் தீவனமாக்குதல். மாட்டுக்கு ஊறுகாய்ப் புல் தயாரிப்பவர்கள் இம்முறையை நன்கறிவார்கள். தோலில் நீர் மிகுதியாதலால் அதைத் தனியே அடைத்தால் அழுகும். 4 பங்கு நறுக்கிய தோலுக்கு 1 பங்கு அரிசித் தவிடு கலந்தால், கலவையின் ஈரம் நூற்றுக்கு 66 பங்கு அளவில் நிற்கும். இதுவே ஏற்ற பதம். கையில் ஒரு பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் உள்ளங்கை நனையலாம். சொட்டுச் சொட்டாய் ஒழுகலாகாது. இக்கலவையை மூடியுள்ள பிளாஸ்டிக் பீப்பாய்களில் அரை அடி அரை அடியாக இட்டு, காற்றில்லாமல் மிதித்து நிரப்பி, காற்றுப் புகாதபடி மூடவேண்டும். மூன்று நான்கு வாரத்தில் புளிப்பேறிப் பக்குவமாகும். நல்ல பதனத்தில் இன்புளிப்பு மணம் வீசும். சாராய நெடியோ, அழுகல் நாற்றமோ, கரும்பூஞ்சணமோ காணப்பட்டால் அந்தப் பகுதியை எருக்குழியில் சேர்த்துவிட வேண்டும், குட்டிகளுக்குக் கொடுக்கலாகாது. இத்தீவனத்தை 25 கிலோ எடைக்கு மேற்பட்டவற்றுக்கு, நாளொன்றுக்கு அரைக் கிலோவிலிருந்து தொடங்கிக் கொடுக்கலாம். பீப்பாயைத் திறந்தபின் நாள்தோறும் மேலிருந்து ஒரே சமமாக எடுத்து மூடிவிட வேண்டும்.

மாங்கொட்டைப் பருப்பு

கொட்டையினுள் இருக்கும் பருப்பில் மாவுச்சத்தும் கொழுப்பும் மிகுதி. பஞ்ச காலங்களில் மனிதர்களும் அதை உண்டதுண்டு. ஆயினும் அதிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் புரதத்தைப் பற்றிக்கொண்டு ஜீரணத்தைத் தடுக்கும். பருப்பை உடைத்தெடுத்துச் சீவி, ஓரிரவு நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, வேகவைத்து, அந்நீரையும் கொட்டி, உலர்த்தி மாவாக்கினால் துவர்ப்புப் பெரிதும் குறையும். இவ்வாறு பக்குவம் செய்ததாயினும் 30 கிலோவுக்குக் குறைந்த குட்டிகளுக்கு வேண்டாம். பெரியவற்றுக்கும் தீவனத்தில் இருபதில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்க. கொட்டை உடைக்கக் கூலியாளும், வேகவைக்க விறகும் குறைந்த செலவில் கிடைக்காதவர்கள் இம்முயற்சியில் இறங்காதிருத்தலே நலம்.

விலக்க வேண்டியவை

ஊறுகாய்த் தொழிற்சாலைகளிலிருந்து வரும் மாங்காய்க் கழிவில் உப்பு மிகுதி. குடிநீர் குறைந்த கொட்டிலில் உப்பு மிகுந்த தீனியைத் தின்ற பன்றிகள் தள்ளாடி, வலிப்புக் கண்டு மாளும். அதனைத் தொடவே கூடாது. தோற்குவியலில் பாலித்தீன் துண்டும், ஆணியும், கம்பியும் கலந்திருக்கும். கூடையில் அள்ளும்போதே பொறுக்கி எறிய வேண்டும்.

இவ்விடத்தில் இன்னொரு விஷயமும் கவனிக்கற்பாலது. பன்றி வளர்ப்போர் பலர் ஓட்டல் எச்சில் உணவையே நம்பி வாழ்கின்றனர். 2020-ஆம் ஆண்டில் இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல், பன்றி இறைச்சி கலந்த எச்சில் உணவின் வழியாகவும் பரவக்கூடியது. அந்நோய்க்கு மருந்து இல்லை. கொட்டில் முழுவதும் காலியாகிவிடும். இறைச்சி கலவாத பழத் தோலில் அந்த அபாயம் இல்லை. ஆனால் தோல் ஏற்றிவரும் வண்டியே எச்சில் உணவும் ஏற்றுவதாக இருந்தால் அந்த நன்மை போய்விடும். வண்டியும் பீப்பாயும் தனியாக இருத்தல் வேண்டும்.

வரவு செலவு

தோல் இலவசமாகக் கிடைத்தாலும், வண்டிச் சத்தமும் உலர்த்தும் கூலியும் இலவசமல்ல. எந்த விலைவரை கொடுக்கலாம் என்பதை மேலே கூறிய கலவையைக்கொண்டே கணக்கிடலாம். மக்காச்சோளம் கிலோ 25 ரூபாய், பிண்ணாக்கு 45 ரூபாய், மீன் தூள் 60 ரூபாய் எனக் கொள்க. 10 கிலோ உலர்ந்த தோலால் மிச்சமாகும் 13 கிலோ சோளத்தின் விலை 325 ரூபாய். கூடுதலாகச் சேர்க்கும் 2 கிலோ பிண்ணாக்குக்கும் 1 கிலோ மீன் தூளுக்கும் 150 ரூபாய். மீதி 175 ரூபாயே அந்த 10 கிலோவின் மதிப்பு. அதற்கு 45 கிலோ புதிய தோல் வேண்டுமாதலால், புதிய தோல் கிலோ ஒன்றுக்கு வண்டிச் சத்தமும் கூலியும் உள்பட ஏறக்குறைய 3 ரூபாய் 90 காசுக்கு மேற்பட்டால் இலாபமில்லை. தோலின் சக்தி சோளத்தினும் சற்றுக் குறைவாதலால், 3 ரூபாயோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். அவரவர் ஊர் விலையை இக்கணக்கில் இட்டுப் பார்த்துக்கொள்க.

கணக்கைவிடத் தராசு உண்மை சொல்லும். ஓர் ஈற்றில் 10 குட்டிகள் இருந்தால், எடை ஒத்த 5 குட்டிகளுக்குத் தோல் சேர்ந்த கலவையும், மற்ற 5 குட்டிகளுக்குச் சாதாரணக் கலவையும் கொடுத்து, 14 நாளுக்கு ஒருமுறை காலையில் தீனி வைக்கு முன் நிறுத்து, சுவரிலாவது எழுதி வரவேண்டும். இரண்டு மாத முடிவில், ஒரு கிலோ எடை கூடுவதற்கு எந்தப் பிரிவில் குறைந்த செலவாயிற்று என்பது தெரிந்துவிடும். பிறர் சொல்லைக் கேட்டு ஈடுபடுவதினும் இவ்விதம் கண்ணாரக் கண்டு ஈடுபடுவதே நிலைத்த பயன் தரும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனத்திற்கு

சாலையோரத்திலும் ஏரி உள்வாயிலும் கொட்டப்படும் மாங்கழிவு அழுகி, நீரிலுள்ள பிராணவாயுவைக் குறைத்து மீன்களைக் கொல்லும். ஈயும் நாற்றமும் ஊர் முழுவதும் பரவும். கழிவைக் கொட்டும் தொழிற்சாலையாரையும், அதைத் தேடும் பன்றி வளர்ப்போரையும் பருவம் தொடங்குமுன் கூட்டிவைத்து, இன்ன நாளில் இன்னார் எடுத்துக்கொள்வது என்று முறைவைத்துக் கொடுத்தால் இருதரத்தார்க்கும் நன்மை. பதனக் குழியிலிருந்து வடியும் நீர் கிணற்றிலும் ஓடையிலும் சேராதபடி பார்த்துக்கொள்வதும் அவர்கள் கடமையாகும். குட்டிகளின் இனம், தீவனம், தடுப்பூசி முதலியவற்றைப் பற்றிய ஆலோசனையை அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையிலும், காட்டுப்பாக்கத்தில் பன்றி ஆராய்ச்சி நடத்திவரும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக் கழகத்தின் நிலையத்திலும் பெறலாம்.

பன்றி வளர்ப்போர் அடுத்த மாம்பருவத்திற்கு முன்பாகவே செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடுகள் மூன்று: மூடியுள்ள பீப்பாய்கள் சிலவும், ஒரு தராசும், கைவசம் போதுமான பிண்ணாக்கும். இம்மூன்றும் இல்லாத வீட்டில் மாந்தோல் வெறும் குப்பையே. இம்மூன்றும் உள்ள வீட்டில் அதே தோல், தை மாதம் வரையில் சோளச் செலவைக் குறைத்து, குட்டிகளையும் கெடுக்காமல் காக்கும்.